சேர்க்கை சரியில்லையாம்

பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பீடியோடு பிடிபட்டால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசாரணை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். "சேக்காளி சரியில்ல" என்பார் ஒருவர். "கையில காசக் குடுத்துல்லா கெடுத்தாவ" என்பார் இன்னொருவர். பெற்றோர் ஆசிரியர் கூட்டம், டீக்கடை பெஞ்சு, மே 31 வந்தால் நடக்கும் புகையிலை எதிர்ப்பு ஊர்வலம், எங்கே போனாலும் தீர்ப்பு மாறாது. கெட்ட சகவாசம் ஒன்று, கைச்செலவுக் காசு இன்னொன்று. தண்டனையும் தயாராக இருக்கும்: சேக்காளியை வெட்டிவிடு, காசை நிறுத்து, நாலு அடி போடு.

இந்தத் தீர்ப்பில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் உண்மையான குற்றவாளிகள் தப்பித்து வருகிறார்கள்.

வள்ளுவரையும் சாட்சிக்கு இழுப்பார்கள். ‘கூடா நட்பு’ என்று அன்றைக்கே ஓர் அதிகாரம் எழுதி வைத்திருக்கிறாரே என்று. அந்த அதிகாரத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது உள்ளே பகையும் வெளியே சிரிப்புமாக வருகிறவர்களைப் பற்றியது. கெட்ட சகவாசத்துக்கு மேற்கோள் வேண்டுமென்றால் ‘சிற்றினம் சேராமை’க்குப் போக வேண்டும். அதுவோ பொருட்பாலில், அரசியல் பகுதியில் வருகிறது. நாடாளுகிறவன் யாரோடு சேரக் கூடாது என்று அவனுக்குச் சொன்னது. எட்டாம் வகுப்புப் பையனைத் திட்ட எடுத்த ஆயுதம் எங்கே திரும்புகிறது பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐடிசியில் பொதுத்துறை எல்ஐசி வைத்திருக்கும் பங்கு சுமார் 15 விழுக்காடு. இது கூடாது என்று 2017இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடுத்தார்கள். பிள்ளையின் படிப்புக்கென்று அப்பா மாதாமாதம் கட்டும் பிரீமியத்தில் ஒரு துளி போய்ச் சேர்ந்திருக்கும் இடம் அது. சேர்க்கையைப் பற்றிப் பேசுவதானால் இங்கிருந்தே பேசலாம்.

சரி, சேக்காளி வாதத்தையே எடுத்துக்கொள்வோம். பீடி குடிக்கும் பையனுக்குப் பீடி குடிக்கும் நண்பர்கள் இருப்பது ஆய்வுக்கு ஆய்வு தெரியவரும் செய்திதான். மறுக்கவில்லை. ஆனால் கபடி ஆடுகிறவனுக்கும் கபடி ஆடுகிற நண்பர்கள்தான் இருக்கிறார்கள். ஆட்டம் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்வார்கள். நண்பன் இழுத்துக்கொண்டு போவதும் உண்டு, ஒத்தவன் ஒத்தவனோடு ஒதுங்குவதும் உண்டு. இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் பழியை மொத்தமாக நண்பன் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். அதற்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. அந்தச் சேக்காளிக்கு முதல் பீடி எங்கிருந்து வந்தது?

மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2019இல் நடத்திய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். நாடு முழுக்க 13 முதல் 15 வயதுவரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தார்கள். பையன்களில் 9.6, பெண்பிள்ளைகளில் 7.4. இந்த எண்ணைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. சிகரெட் பிடித்த மாணவர்களில் 38 விழுக்காட்டினரும், பீடி பிடித்தவர்களில் 47 விழுக்காட்டினரும், மெல்லும் புகையிலை போட்டவர்களில் 52 விழுக்காட்டினரும் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியிருக்கிறார்கள். பத்து வயதுக்கு முன் என்றால் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. அந்த வயதில் ஒருவனைக் கெடுக்கத் தக்க சேக்காளி யார்? தெருமுனையில் விசில் அடிக்கும் கூட்டத்தோடு அவன் இன்னும் சேரவில்லை. அவன் உலகத்தில் இருப்பது அப்பா, மாமா, அண்ணன், ஆச்சியின் வெற்றிலைப் பெட்டி. பல்வலிக்கு ஒரு துணுக்குப் புகையிலையை அடக்கிக்கொள்ளச் சொல்லும் வீடுகள் நம் பக்கம் இன்றும் இருக்கின்றன. அதை யாரும் கெட்ட சகவாசம் என்று சொல்வதில்லை. பாசம் என்பார்கள்.

சென்னையிலும் டெல்லியிலும் 32 பள்ளிகளில் ‘மைத்ரி’ என்ற பெயரில் 2004 முதல் 2006 வரை ஓர் ஆய்வு நடந்தது. தொடக்கத்திலேயே ஆய்வாளர்களைத் திகைக்க வைத்த செய்தி, எட்டாம் வகுப்பாரைவிட ஆறாம் வகுப்பார் அதிகம் புகையிலையைத் தொட்டிருந்தது. சேக்காளிகள் பெருகுவது எட்டாம் வகுப்பில். கூட்டாளிதான் காரணமென்றால் எண்கள் நேர் எதிராக அல்லவா இருக்க வேண்டும்? தனியார் பள்ளிகளைவிட அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பழக்கம் கூடுதலாக இருந்ததும் அங்கேதான் தெரிந்தது. கைச்செலவுக் காசு எந்தப் பள்ளியில் அதிகம் புழங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. அந்த ஆய்வில் பாதிப் பள்ளிகளில் வகுப்பறைப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாண்டில் பயிற்சி இல்லாத பள்ளிகளில் பழக்கம் 68 விழுக்காடு கூடியது. பயிற்சி நடந்த பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்தது. அந்தப் பயிற்சியில் முன்னின்றவர்கள் யார் தெரியுமா? அதே வகுப்புப் பிள்ளைகளிலிருந்து தேர்ந்தெடுத்த மாணவத் தலைவர்கள். நாம் வெட்டிவிடச் சொல்லும் சேக்காளிகள்தான்.

‘நண்பர்கள் கெடுக்கிறார்கள், பெற்றோர் கண்டிப்பதில்லை’ என்ற பேச்சை உலகத்திலேயே அதிகம் விரும்பியவர்கள் சிகரெட் கம்பெனிக்காரர்கள். இன்றைய பதின்வயதுப் பிள்ளை நாளைய நிரந்தர வாடிக்கையாளராகலாம் என்று 1981இல் பிலிப் மாரிஸ் தன் உள்ளறிக்கையில் எழுதி வைத்தது. செத்தும் விட்டும் போகிறவர்களின் இடத்தை நிரப்ப இளையவர்களை விட்டால் ஆளில்லை என்று 1984இல் ஆர்.ஜே.ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டது. வழக்குகளால் இந்தக் காகிதங்கள் வெளியே வந்த பிறகு, 1998இல் அதே பிலிப் மாரிஸ் ‘யோசி, புகைக்காதே’ என்று அமெரிக்கச் சிறுவர்களுக்கு உபதேச விளம்பரம் எடுத்தது. புகைப்பதும் விடுவதும் உன் கையில்தான், கூட்டாளிக்குப் பணியாதே என்பது அதன் சாரம். நிக்கோட்டினைப் பற்றியோ கம்பெனியின் பொய்களைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. பிறகு வந்த ஆய்வில், அந்த விளம்பரத்தைப் பார்த்த பிள்ளைகளிடம் புகைக்கும் எண்ணம் கூடியிருந்தது தெரிந்தது. கம்பெனி மீது நல்லெண்ணமும் கூடவே வளர்ந்திருந்தது. கூடா நட்பு என்ற அதிகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உரையை நான் படித்ததில்லை. நம் ஊர்வலப் பேச்சாளர்கள் அறியாமலே அந்த விளம்பரத்தைத்தான் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது காசு. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

எந்தக் கைச்செலவுக் காசு? பிள்ளையின் சட்டைப்பையில் நூறு ரூபாய்த் தாளைத் திணித்துப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் விசைத்தறித் தெருக்களில் எத்தனை இருக்கின்றன? இந்த ஊரில் பீடி வாங்கும் பையனின் காசு பெரும்பாலும் அவனே உழைத்த காசு. விடுமுறையில் தறிக்கூடத்தில் தார் சுற்றியது, பூச்சந்தையில் மூட்டை இறக்கியது, முகூர்த்த நாளில் மண்டபத்தில் பந்தி பரிமாறியது, ஆடித்தபசுக்கு முளைக்கும் கடைகளில் இரவெல்லாம் நின்றது. அதில் பெரும்பகுதியை அம்மா கையில் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறையோடு நிற்கிறவனைப் பார்த்துத்தான் ‘காசுக் கொழுப்பு’ என்கிறோம்.

அந்த வேலையிடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. தறிச்சத்தத்துக்கு நடுவே ‘ஒரு பீடி குடிச்சிட்டு வாரேன்’ என்றால் ஐந்து நிமிடம் கிடைக்கும். ‘சும்மா உக்காந்துட்டு வாரேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ஓய்வுக்கு அங்கே வேறு பெயர் கிடையாது. பெரியவர்கள் வெளியே போய் நிற்கும்போது பையனும் கூடப் போய் நிற்கிறான். அவன் கையில் ஒரு பீடி வந்தால்தான் அவனும் ஓர் ஆள். ராத்திரி ஷிப்டில் தூக்கம் கெடவும் பசி அடங்கவும் அது உதவுகிறது என்பதைக் கொஞ்ச நாளிலேயே அவன் உடம்பு கற்றுக்கொள்ளும். தினமும் பிடிக்காத, எப்போதாவது பிடிக்கிற சிறுவர்களிடம்கூட நிக்கோட்டின் அடிமைத்தனத்தின் அறிகுறிகள் வந்துவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு அவன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

கையில் காசு அதிகமுள்ள பிள்ளைகளிடம் பழக்கம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்வது மெய்தான். அந்த மெய்யை முழுசாகப் படிக்க வேண்டும். காசு குறைந்தால் வாங்குவது குறையும் என்றால், விலை ஏறினாலும் வாங்குவது குறைய வேண்டும் அல்லவா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நம்மைப் போன்ற நாடுகளில் புகையிலை விலை 10 விழுக்காடு ஏறினால் பயன்பாடு ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும். பெரியவர்களைவிட இளையவர்கள் இதில் கூடுதலாகவே பின்வாங்குவார்கள். பையனின் காசைக் குறை என்று பேசுகிறவர்களில் ஒருவர்கூட பீடியின் விலையைக் கூட்டு என்று பேசி நான் கேட்டதில்லை.

விலை எப்படி இருக்கிறது? கட்டு முழுக்க வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒன்று, இரண்டு என்று உருவிக் கொடுப்பார்கள். தீப்பெட்டிகூட வேண்டாம், கடை வாசலில் கயிற்றில் லைட்டர் தொங்குகிறது. ஒரு டீ குடிக்கும் காசில் பல பீடி வாங்கலாம். 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பாக்கெட்டின் 85 விழுக்காட்டு இடத்தில் புற்றுநோய்ப் படம் போட வேண்டும் என்று பெரிய போராட்டத்துக்குப் பிறகு விதி வந்தது. ஒற்றைச் சிகரெட்டில் படம் ஏது? பாக்கெட் கடைக்காரரிடம் இருக்கிறது, படத்தைத் தினமும் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். கர்நாடகம் 2017இலும் மகாராஷ்டிரம் 2020இலும் சில்லறையாக விற்பதைத் தடை செய்தன.

விலையின் அடுத்த பாதி வரி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு 28 விழுக்காட்டுக்கு மேலே இழப்பீட்டு செஸ் போட்டார்கள், பீடிக்கு அந்த செஸ் இல்லை. 2025 செப்டம்பரில் கவுன்சில் கூடி சிகரெட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 40 விழுக்காடு என்று முடிவெடுத்தது. பீடிக்கு? 28 இருந்ததை 18 ஆக்கியது. பீடி இலைக்கு 18 இருந்ததை 5 ஆக்கியது. சில்லறை விலையில் முக்கால் பங்காவது வரியாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம். பீடியில் தூள் குறைவு, ஆனால் அணையாமல் இருக்க ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போவது சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல. ஏழைப் பையனுக்கு எட்டுகிற பொருளாகப் பார்த்து மலிவாக்கிவிட்டு, அவன் அதை எட்டிப் பிடித்ததும் ஒழுக்கம் கெட்டது என்கிறோம்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு குரல் எழும்: "பீடிக்கு வரி போட்டா சுத்துற பொம்பளைக வயித்துல அடிக்கதுல்லா?" தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் இதை லேசாகத் தள்ள முடியாது. ஆலங்குளம், கடையம், முக்கூடல், பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் திண்ணைக்குத் திண்ணை மடியில் சுளகோடு பெண்கள் உட்கார்ந்திருக்கும் வட்டாரம் இது. வறட்சியில் வயல் கைவிட்ட வீடுகளைப் பீடிக் கூலி தாங்கியிருக்கிறது. மகளின் கல்யாண நகைக்கும் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் பி.எஃப். பணம் கைகொடுத்திருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகையும் உண்டு. அதை வாங்கிப் படித்து மேலே வந்தவர்கள் இந்த மாவட்டங்களில் நிறையப் பேர்.

ஆனால் வரியைக் குறைத்த காசு அந்தப் பெண்ணிடம் வந்ததா என்று கேட்க வேண்டும். அவள் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பது, வரி இறங்கினால் தானாக ஏறாது. கொடுக்கும் இலை ஆயிரத்துக்குப் போதாமல் கைக்காசில் இலை வாங்கிப் போடுவது அவள். கடையில் கழிவென்று ஒதுக்கும் பீடிக்குக் கூலியை இழப்பது அவள். தூளின் நெடியில் இருமிக்கொண்டு பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திச் சுற்றுவதும் அவள்தான். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுவதைத் தடைப் பட்டியலில் வைத்தது. வீட்டில் குடும்பத்தோடு செய்தால் விலக்கு என்று அதே சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்தது. பீடி பெரும்பாலும் வீட்டில்தான் சுற்றப்படுகிறது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா? 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடித் தொழிலாளர் நலனுக்கென்று தனியாக வசூலித்துவந்த தீர்வையையும் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது எடுத்துவிட்டார்கள். வரியைக் கூட்டு, கூடுகிற பணத்தை அந்தப் பெண்களின் கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் மாற்று வேலைக்கும் என்று எழுதி வை என்று கேட்க முடியும். அப்படிக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் கம்பெனிகளின் பக்கத்திலிருந்து வருவதில்லை. அவள் மகன் பீடி குடித்தால்தான் அவளுக்கு வேலை நிலைக்கும் என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, அவள் பெயரைச் சொல்லியே வரியைத் தடுப்பது பெரிய கயமை.

மறுபடி கடைக்கு வருவோம். "ஏல, போய் ஒரு கட்டு வாங்கிட்டு வா." பிள்ளையின் கையில் நாம் முதன்முதலில் பீடியைக் கொடுப்பது இப்படித்தான். கடைக்காரர் "யாருக்குடா?" என்பார், "அப்பாவுக்கு" என்பான். கட்டு கைமாறும், மீதிச் சில்லறைக்கு மிட்டாய் வரும். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவோ, சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரே செயலுக்கு ஒரு பக்கம் பிரியாணிக் காசு, இன்னொரு பக்கம் சிறை. எது நடைமுறையில் உள்ளது என்று கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அதே 2019 கணக்கெடுப்பில், சிகரெட் பிடித்த மாணவர்களில் 69 விழுக்காட்டினரும் பீடி பிடித்தவர்களில் 78 விழுக்காட்டினரும் கடைகளில்தான் வாங்கினார்கள். அப்படி வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரை வயதைக் காட்டி யாரும் திருப்பி அனுப்பவில்லை. விற்றவர் சேக்காளி இல்லை, நரைத்த மீசைக்காரர்.

வாயில் அடக்கும் பொட்டலங்கள் வேறு. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. அந்தத் தடைக்குள்ளேயே மாமூல் கொடுத்து வியாபாரம் நடந்ததைக் காட்டும் காகிதங்கள் 2016 வருமானவரிச் சோதனையில் சிக்கியதை நாடு பார்த்தது. 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகளிடம் பரவும் ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலத்தை நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. உதட்டுக்குள் வைத்தால் வெளியே தெரியாது, துப்பவும் வேண்டாம். பாடவேளையில் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இதை ஒரு சேக்காளி வடிவமைக்கவில்லை.

சினிமாவையும் சொல்வார்கள். 2018இல் ‘சர்கார்’ படத்தின் சுவரொட்டியில் விஜய் புகைத்ததற்கு எழுந்த எதிர்ப்பில் படக்குழுவே அந்தச் சுவரொட்டியை நீக்கிவிட்டது. நல்லது. பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள கடைப்பலகைக்கு அந்த வேகம் யாருக்கும் வருவதில்லை.

கண்டிப்பு என்ற பெயரில் நாம் செய்வது என்ன? பிடிபட்டவனுக்கு டி.சி. கொடுக்கிறோம். பள்ளியை விட்டு அனுப்பிய பையன் நேரே போவது தறிக்கூடத்துக்கு, அங்கே என்ன காத்திருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். வேறு வழியும் இருக்கிறது. ஐஸ்லாந்து என்ற சின்ன நாட்டில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 23 விழுக்காட்டினர் தினமும் புகைத்தார்கள். 2016 வாக்கில் அது 3 விழுக்காடு. விளம்பரத்தைத் தடுத்தார்கள், பெற்றோரைக் கூட்டிப் பேசினார்கள், பிள்ளைகளின் மாலை நேரத்துக்குக் காசு ஒதுக்கினார்கள். தலைநகர் ரெய்க்யவிக்கில் விளையாட்டுக்கும் இசைக்கும் கட்டணம் செலுத்தக் குடும்பங்களுக்கு நகராட்சியே பணம் கொடுத்தது. பிள்ளையின் பெயரில் காசைக் கூட்டித்தான் அவர்கள் ஜெயித்தார்கள். பணக்கார நாட்டோடு ஒப்பிடாதே என்பார்கள். சரி, ஒப்பிட வேண்டாம். சாயங்காலம் மணி அடித்த பிறகு நம் அரசுப் பள்ளிப் பையனுக்குச் செலவில்லாமல் திறந்திருக்கும் இடங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். டீக்கடை வரும், பஸ் ஸ்டாண்டு வரும், ரத வீதியின் கடை ஓரங்கள் வரும். அதற்கப்புறம் யோசிக்க வேண்டியிருக்கும்.

புகையிலை விற்கும் கடைகளுக்கு உள்ளாட்சி தனி உரிமம் கொடுக்க வேண்டும், அப்படி உரிமம் பெற்ற கடையில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ் போன்றவற்றை விற்கக் கூடாது என்று 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. சங்கரன்கோவிலும் ஒரு நகராட்சிதான். மிட்டாய்ப் புட்டியையும் பீடிக்கட்டையும் பிரித்து வைத்தால் அப்பாவுக்கு வாங்கப் போகும் பழக்கம் முதலில் அறுபடும். சில்லறை விற்பனையை அதே உரிமத்தின் நிபந்தனையால் நிறுத்தலாம். 100 கஜத்தை அளக்க ஒரு நாடா போதும்.

பெட்டிக்கடைக்காரர் பிழைப்பு என்னாவது என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்காவிட்டால் அவருக்கு எவ்வளவு நட்டம் வரும் என்பதை அவரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். சொற்பம் என்றால் விட்டுவிடுவதில் அவருக்குச் சிரமமில்லை. பெருந்தொகை என்றால், இவ்வளவு நாளும் அவர் யாரை வைத்துப் பிழைத்தார் என்பதை அந்தத் தொகையே சொல்லிவிடும்.